மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கலுக்கு 'சஸ்டெயினபிள் டிசைன்' பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

#1 கரும்பலகை

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் வேலை. இந்த செமஸ்டர் 'சஸ்டெயினபிள் டிசைன்' (வளங்குன்றா வடிவமைப்பு) எலெக்டிவ் என் தலையில் விழுந்திருக்கிறது. 62 பேர், வாரம் மூன்று மணி நேரம். விரும்பி எடுத்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் "இதுல அரியர் விழாது" என்று சீனியர் சொன்னதை நம்பி வந்தவர்கள்.

சிலபஸ் ஐந்து யூனிட். முதல் யூனிட்டில் வளங்குன்றா வளர்ச்சிக்கு 1987ல் ஐ.நா. குழுவின் புருண்ட்லாந்து அறிக்கை தந்த வரையறை. மூன்றாவதில் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, அதாவது எல்சிஏ: ஒரு பொருளைச் செய்வது முதல் தூக்கிப் போடுவது வரை சுற்றுச்சூழலுக்கு ஆகும் பாதிப்பைக் கூட்டிப் பார்ப்பது. பொருளை விற்காமல் அதன் பயனை மட்டும் சேவையாகக் கொடுப்பது ஐந்தாம் யூனிட்டின் கடைசி வரி. ஐந்தாம் யூனிட்டின் கதி உங்களுக்கே தெரியும்: மாடல் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் பிபிடியாகப் போகும்.

போன வருடத்து விடைத்தாள்களைப் புரட்டினேன். 13 மார்க் கேள்விக்கு வட்டம் வட்டமாகப் படம் போட்டு வெளுத்து வாங்கியிருக்கிறார்கள். அதே பிள்ளைகள் இந்த வருடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு, இருக்கிற மெஷின் மேல் ஒரு சோலார் பேனலை ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். படித்ததற்கும் செய்ததற்கும் ஒட்டே இல்லை. இதை வேறு மாதிரி நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 கடைசி சீட்

மேம், நான் அந்த 13 மார்க்கை எழுதி பாஸான கூட்டம்தான். உண்மையைச் சொல்லணும்னா, முதல் வருஷத்துல ஈவிஎஸ், அதாவது சுற்றுச்சூழல் பாடம்னு ஒண்ணு எல்லாருக்கும் கட்டாயம். சுப்ரீம் கோர்ட் 1991ல போட்ட உத்தரவுல ஆரம்பிச்சது அது. அதுலயே 'மரம் நடுவோம், பிளாஸ்டிக் தவிர்ப்போம்'னு எழுதி மனசு மரத்துப்போச்சு. அப்புறம் மூணாவது வருஷத்துல மறுபடி அதே மாதிரி ஒண்ணு வந்தா, டிசைன்னு யாரும் பார்க்க மாட்டாங்க, இன்னொரு ஈவிஎஸ்னுதான் பார்ப்பாங்க.

இன்னொண்ணு. காலேஜுக்கே இது என்பிஏ, அதான் கோர்ஸுக்குத் தர அங்கீகாரம் குடுக்கற வாரியம், அதோட ஃபைலுக்குத்தான். படிச்சு முடிக்கறப்ப வந்திருக்க வேண்டிய திறன்னு ஒரு பட்டியல், அதுல ஒவ்வொண்ணும் ஒரு பிஓ. பன்னிரண்டு பிஓ இருந்த காலத்துல ஏழாவது 'சுற்றுச்சூழலும் வளங்குன்றாமையும்'. எந்தப் பாடம் அதுக்கு எவ்வளவு பொருந்துதுன்னு மூணுக்கு இத்தனைன்னு போடணும். எல்லாத்துக்கும் ஒரு '2' போட்டு மேப்பிங் முடிச்சிடுவாங்க. தெர்மோடைனமிக்ஸுக்கும் 2, இங்கிலீஷுக்கும் 2.

#3 வைண்டிங்காரன்

வணக்கமுங்க மேடம். நான் படிச்சவன் இல்லீங்க, பவானி பக்கம் வைண்டிங் கடை வச்சுருக்கேன், இருபத்தாறு வருசமாச்சு. பையன் இந்தப் பக்கத்தைக் காட்டுனான், அதான் எழுதறேன்.

உங்க பசங்க ஒரு ஃபேனைக் கழட்டிப் பாத்துருக்காங்களான்னு மொதல்ல கேளுங்க. பழைய சீலிங் ஃபேன்ல கெட்டுப்போறது மூணே மூணுதானுங்க. கண்டன்சர், பேரிங், காயில். கண்டன்சர் மாத்தறது அஞ்சு நிமிச வேலை. காயில் போனாலும் செம்புக்கம்பி சுத்திக் குடுத்துருவேன், இன்னும் பத்து வருசம் ஓடும். எங்கப்பா சுத்துன ஃபேன் இன்னும் ஓடிட்டிருக்கு.

இப்ப பிஎல்டிசின்னு, கரண்ட்டு கம்மியா இழுக்கற ஃபேனு வருது பாருங்க. உள்ள ஒரு போர்டு. போர்டு மேல மெழுகாட்ட ரெசினை ஊத்தி மூடி வச்சுருக்கான். ஒரு சின்ன பார்ட்டு போனாலும் போர்டையே தூக்கிப் போடணும். அந்தப் போர்டும் வெளிய கெடைக்காது, கம்பெனிக்காரன்கிட்டதான் கேக்கணும். ரெண்டு வருசம் கழிச்சுக் கேட்டா 'அந்த மாடல் நிறுத்தியாச்சு'ங்கறான். மேல ஸ்டார் ஒட்டியிருக்கு, கீழ குப்பைல கெடக்குது. இதை உங்க பாடத்துல என்னன்னு சொல்லித் தருவீங்க?

#4 கரும்பலகை

அண்ணா, நான் தேடியது இதைத்தான். முதல் வகுப்புக்குப் பிபிடி வேண்டாம், ஃபேன் போதும். கெட்டுப்போன ஃபேன் பத்து கிடைக்குமா?

#5 ஓய்வுபெற்ற கால்குலேட்டர்

வைண்டிங்காரர் சொன்னது நியாயம். ஆனால் வகுப்பில் அதை அப்படியே வைத்தால் பாதிக் கதைதான் தெரியும். ஒரு கணக்குப் போடுவோம்.

சாதாரண 1200 மி.மீ. ஃபேன் 75 வாட். பிஎல்டிசி 28 வாட். நாளுக்கு 12 மணி நேரம் என்றால் வருடத்துக்கு முறையே 328 யூனிட், 123 யூனிட். வித்தியாசம் சுமார் 205. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகிறது. ஆக வருடத்துக்கு 144 கிலோ மிச்சம்.

இனி ஃபேனைச் செய்ய ஆகும் கார்பன். ஃபேனின் எடை ஏறத்தாழ 4 கிலோ. அதில் இரும்பு, அலுமினியம், செம்பு எல்லாம் உண்டு. பேச்சுக்கு, அந்த 4 கிலோவும் நிலக்கரி மின்சாரத்தில் உருக்கிய புது அலுமினியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 20 என்று தாராளமாகப் போடுங்கள். 80 கிலோதான் வருகிறது. அதாவது இந்த ஃபேன் ஏழே மாதத்தில் தன் பிறப்புக் கடனை அடைத்துவிடுகிறது. வருடத்துக்கு ஒன்று வாங்கித் தூக்கிப் போட்டாலும், கார்பன் கணக்கில் மட்டும், பழைய ஃபேனை விட அதுவே மேல்.

இந்த இடத்தில் மாணவர்கள் நெளிவார்கள். நெளியட்டும். அதன்பின் இன்னொரு கேள்வி: 12 மணி நேரம் ஓடும் படுக்கையறைக்கு இது சரி, கல்யாண மண்டபத்துக்கு? வருடத்தில் அறுபது நாள், நாளுக்கு 12 மணி ஓடினால் சராசரி ஒரு நாளுக்கு 2 மணி. மிச்சம் 24 கிலோவாகச் சுருங்கிவிடும். அந்த 80 கிலோ கடன் அடைய மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். போர்டு அதற்குள் போய்விடும் என்றால், அங்கே பழைய ஃபேனைச் சுத்திக்கொடுப்பதே புத்திசாலித்தனம். ஒரே பொருள், இரண்டு பதில். எல்சிஏ பாடத்தில் ஃபங்ஷனல் யூனிட் என்று வரும் விஷயம் இதுதான். ஃபேனை எண்ணாதே, அது யாருக்கு எத்தனை மணி நேரம் எவ்வளவு காற்றைத் தருகிறது என்பதை எண்ணு. இதை வரையறையாகச் சொன்னால் மனப்பாடம் செய்வார்கள். மண்டபத்தைக் காட்டினால் புரிந்துவிடும்.

#6 வைண்டிங்காரன்

சார் கணக்கு சரிதானுங்க, ஒத்துக்கறேன். ஆனா கார்பனை மட்டும் எண்ணுனா போதுமுங்களா? போர்டுல இருக்கற ஈயம் எங்க போகுது? அறுநூறு ரூபா போர்டு வாங்க முடியாம, வெயில் காலத்துல ரெண்டு மாசம் ஃபேன் இல்லாம கெடக்கற வீடு உங்க கணக்குல எந்த வரில வருது?

#7 ஓய்வுபெற்ற கால்குலேட்டர்

வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

#8 டெல்ஃப்ட் சைக்கிள்

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவன். நீங்கள் இருவரும் மோதும் இடத்தில்தான் 'பொருள்-சேவை' என்ற ஐந்தாம் யூனிட் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அங்கே அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம். 2015ல் பிலிப்ஸ் அங்கே விளக்கை விற்காமல் வெளிச்சத்தை விற்றது. விளக்குகளின் உரிமை பிலிப்ஸிடமே இருக்கும். விமான நிலையம் வெளிச்சத்துக்கு மட்டும் பணம் கட்டும். உடனே என்ன நடந்தது? கெட்டுப்போனால் செலவு தன் தலையில் என்று ஆனதும், பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி மாற்றும்படி விளக்கின் வடிவமைப்பையே மாற்றினார்கள். யாரும் போய் நீதி போதனை செய்யவில்லை. பணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மாறியது, ஸ்குரூவின் இடமும் மாறியது. விமான எஞ்சின் பராமரிப்புக்கு ஓடும் மணிக்கணக்கில் பணம் வாங்குவதை, பின்னாளில் ரோல்ஸ்-ராய்ஸோடு சேர்ந்த பிரிஸ்டல் சிடெலி கம்பெனி 1962லேயே தொடங்கிவிட்டது.

ஆகவே ரெசின் ஊற்றிய போர்டை வெறும் டிசைன் பிழையாகக் காட்டாதீர்கள். விற்றவுடன் கைகழுவும் வியாபாரத்துக்கு அது மிகச் சரியான டிசைன்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி: பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து செல்பேசி, மடிக்கணினி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று 'பழுதுநீக்க மதிப்பெண்' ஒட்டியே விற்க வேண்டும் என்றார்கள். கையேடு கிடைக்கிறதா, கழற்ற எளிதா, உதிரி எத்தனை வருடம் கிடைக்கும், உதிரியின் விலை என்ன என்றெல்லாம் பார்த்துப் போடுவார்கள். உங்கள் மாணவர்கள் அதே மாதிரி ஃபேனுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் உருவாக்கட்டும். மார்க் போடுகிறவர் வைண்டிங்காரர்.

#9 அடக்கவிலை

வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றில் டிசைன் எஞ்சினியர். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ரெசின் ஊற்றுவது வாடிக்கையாளரை ஏமாற்ற என்று நினைக்காதீர்கள். ஈரம், தூசி, பல்லி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம். ரெசின் இல்லாவிட்டால் வாரண்டிக்குள்ளேயே போர்டு திரும்பி வரும். அதே சமயம் போர்டை மோட்டாருக்குள் வைக்காமல் மேலே கப்புக்குள் வைத்து ஒரு கனெக்டர் கொடுத்தால், ஃபேனைக் கீழே இறக்காமலே மாற்றலாம். நான் அதை வரைந்து கொடுத்தேன். கூடுதல் செலவு பதினொரு ரூபாய். மீட்டிங்கில் விழுந்தது. காரணம், 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். அந்த ஸ்டார் காற்றை வாட்டால் வகுத்துப் போடுவது. கழற்ற முடிகிறதா என்பதற்கு அதில் ஒரு புள்ளியும் கிடையாது. லேபிளில் இல்லாததற்குப் பதினொரு ரூபாய் தர எவனும் வரமாட்டான்.

மேடம், உங்கள் மாணவர்களுக்கு எல்சிஏ தெரியாவிட்டால் பரவாயில்லை. ஓபன்எல்சிஏ மென்பொருள் இலவசம், இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். அந்தப் பதினொரு ரூபாய்க்காக மீட்டிங்கில் வாதாடத் தெரியாமல் வருகிறார்கள். நான் வருடா வருடம் இன்டர்வியூ எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

#10 திருப்பூர் சாயம்

பிரச்சினையை ஒழித்துவிட்டோம் என்று நினைத்து அதை இடம் மாற்றி வைப்பதற்கு எங்கள் ஊரைக் காட்டுங்கள். நொய்யல் கெட்டு, 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறை உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது, நல்லது. ஆனால் கடைசிச் சொட்டு வரை ஆவியாக்க எத்தனை விறகு, எத்தனை கரண்ட்! மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதைத் தப்பென்று சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் வந்தது. உப்பே குறைவாகக் கேட்கும் சாயம், துணி, டிசைன் என்று முன்னாலேயே யோசித்திருந்தால் பின்னால் இத்தனை ஆவியாக்க வேண்டியிருந்திருக்காது.

#11 அறிவியல் நகர்

கிளிநொச்சியிலை படிச்சனான், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம். எங்கடை நாட்டிலை 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை. தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறக்க 2025 ஆச்சு. அந்த இடைக்காலத்திலை ஒரு கராஜ்காரர் பழைய காரை என்னெண்டு உயிரோடை வச்சிருந்தார் எண்டு பாத்தால், அதுவே ஒரு பாடம். எந்தப் பாகத்தை உள்ளூரிலை கடைஞ்சு எடுக்கலாம், எது ஏலாது எண்டு அவைக்குத் தெரியும். ஆனால் தட்டுப்பாட்டாலை வாற பழுதுபார்ப்பையும் விரும்பிச் செய்யிற பழுதுபார்ப்பையும் ஒண்டாக்கிப் போட்டுப் புகழாதேங்கோ. நாங்கள் அதை விரும்பிச் செய்யேல்லை.

#12 கரும்பலகை (ஏழு வாரம் கழித்து)

இழையைத் தூசி தட்டுகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

வைண்டிங்காரர் பதினொரு ஃபேன் கொடுத்தார், காயலான் கடை விலைக்கு. முதல் வாரம் கழற்ற மட்டும். 62 பேரில் ஸ்பேனர் பிடித்தவர்கள் பாதிக்கும் கீழே. இது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, ஞாபகம் இருக்கட்டும். இரண்டாவது வாரம் கால்குலேட்டர் சாரின் கணக்கு. மண்டபக் கேள்வியில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பெல் அடித்தும் யாரும் எழவில்லை. என் பதினான்கு வருட சர்வீஸில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஒரு பெண் வீட்டு கரண்ட் பில்லைக் கொண்டுவந்தாள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 75 வாட் ஃபேன் ஒன்று அறுபது நாளில் 54 யூனிட் தின்கிறது. இரண்டு ஃபேன் என்றால் 108, அதோடு இலவசம் காலி. பிஎல்டிசி இரண்டு போட்டால் 40. "பில்லே வராத வீட்டுக்கு மிச்சம் பிடிக்க என்ன அவசரம் மேம்? மிச்சமாவது கவர்ன்மென்டுக்குத்தானே. அப்ப ஃபேனுக்கு யார் காசு குடுக்கணும்?" என்றாள். நான் தயாரித்து வைத்திருந்த எதிலும் அதற்குப் பதில் இல்லை.

ஐந்தாம் யூனிட்டை மூன்றாம் வாரத்துக்குத் தூக்கிவந்ததில்தான் அடி வாங்கினேன். 'சேவையாக மாற்றுங்கள்' என்று பதினைந்து குழுவிடமும் சொன்னேன். பதினான்கு குழு ஆப் வரைந்துகொண்டு வந்தது. கிரைண்டருக்கு ஆப், ட்ரில்லிங் மெஷினுக்கு ஆப், குடைக்கு ஆப். லோகோ எல்லாம் பிரமாதம். பொருளைக் கொண்டுபோவது யார், திரும்ப வாங்குவது யார், கழுவுவது யார் என்று கேட்டால் "டெலிவரி பார்ட்னர் மேம்".

பதினைந்தாவது குழுவில் ஒருவனின் மாமா வாடகைப் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவன் ஆப் எதுவும் கொண்டுவரவில்லை. மாமாவின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தான்.

அந்த நோட்டை வைத்தே இரண்டு வகுப்பு ஓடியது. அட்வான்ஸ், எண்ணிக்கொடுத்து எண்ணி வாங்குவது, அண்டாவில் கடை இனிஷியல் பொறிப்பது, நெளிந்தால் தட்டி எடுப்பது, பித்தளைக்கு வெள்ளீயம் பூசுவது, தொலைந்த கரண்டிக்குப் பிடித்தம். ஒரு தேக்சா முப்பது வருடமாக வாடகைக்குப் போய்வருகிறது. ஸ்கிபோலில் 2015ல் செய்ததை ஊர்க் கடைத்தெருவில் எப்போதிலிருந்து செய்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை, எனக்கும் சேர்த்து.

பிறகு பையன் ஒன்று கவனித்தான். அண்டா வாடகை அப்படியே இருக்கிறது. டம்ளர் வாடகை பத்து வருடமாகச் சரிந்துகொண்டே வருகிறது. பந்தியில் இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் 2019 பிளாஸ்டிக் தடையில் தண்ணீர் பாக்கெட் போனது, பாட்டில் தப்பிவிட்டது.

#13 ஓய்வுபெற்ற கால்குலேட்டர்

500 பேர், ஆளுக்கு 300 மி.லி. என்றால் 150 லிட்டர். 20 லிட்டர் கேன் எட்டு போதும். கேன் ஏற்கெனவே போய்த் திரும்பி வரும் பொருள்தான். டம்ளர் கழுவும் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

#14 கரும்பலகை

சேர்த்தார்கள் சார். ஆனால் மாமா சொன்னதுதான் கணக்கைத் திருப்பிப் போட்டது. பாட்டில் ஜெயித்தது விலையால் இல்லையாம். டம்ளர் வைக்க ஒரு ஆள், ஜக்கோடு சுற்றிவர ஒரு ஆள், கழுவ ஒரு ஆள். "ஆள் எங்கப்பா கிடைக்குது?" என்று கேட்டிருக்கிறார். குழு இப்போது டம்ளரை விட்டுவிட்டு அந்த மூன்று ஆளின் வேலையை வரைந்துகொண்டிருக்கிறது. பந்திக்குள் தள்ளிவரும் கழுவும் வண்டி, உயரம் எவ்வளவு, நின்றுகொண்டே கழுவ முடியுமா என்று. மண்டபத்தில் கழுவுகிற அக்காவை இரண்டு ஞாயிறு பின்தொடர்ந்து, குனிவதை எண்ணியிருக்கிறார்கள்.

#15 கடைசி சீட்

மேம், இதையெல்லாம் யுனிவர்சிட்டி கொஸ்டின் பேப்பர்ல எப்படி எழுதுவாங்க?

#16 கரும்பலகை

அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இன்டர்னல் என் கையில். வெளித்தேர்வில் 'வளங்குன்றா வளர்ச்சியை வரையறு, இரண்டு மார்க்' என்று வந்தே தீரும். கடைசி இரண்டு வாரம் வரையறைகளைப் பழைய மாதிரியே உருப்போட வைப்பதாக ஏற்பாடு. துறைத் தலைவர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். தரையெல்லாம் ஃபேன் இறக்கை. "யூனிட் டெஸ்ட் போர்ஷன் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

#17 அடக்கவிலை

ஃபேன் குழுக்கள் என்ன ஆயின? அதைச் சொல்லவேயில்லையே.

#18 கரும்பலகை

ஒரு குழு நீங்கள் சொன்னது போலவே போர்டை மேல் கப்புக்குக் கொண்டுபோனது. சூடு வெளியேற வழியில்லாமல் முதல் மாதிரி இரண்டு மணி நேரத்தில் நின்றுவிட்டது. இரண்டாவது மாதிரியில் கப்பில் துளை போட்டார்கள். தூசி போகுமே என்று வைண்டிங்காரர் பத்துக்கு நாலு கொடுத்தார். துளையைப் பக்கவாட்டில் கீழ்நோக்கி மாற்றியதும் ஏழு. போர்டை வாடகைக்கு விட்டு, கெட்டதை வாங்கிக்கொண்டு சரிபார்த்ததைக் கொடுக்கும் திட்டம் ஒன்றும் எழுதியிருக்கிறார்கள். அதை யார் நடத்துவது என்ற இடத்தில் வைண்டிங்காரர் கடைப் பெயரைப் போட்டிருக்கிறார்கள், அவரைக் கேட்காமலே.

#19 அடக்கவிலை

வெவ்வேறு கம்பெனி போர்டு ஒன்றுக்கொன்று பொருந்தாது. கனெக்டர் ஒன்றுபோல இல்லாமல் அந்தத் திட்டம் ஓடாது. அதையும் எழுதச் சொல்லுங்கள். துளை போட்ட டிராயிங் இருந்தால் எனக்கு அனுப்ப முடியுமா? இன்னொரு மீட்டிங் வருகிறது.

#20 வைண்டிங்காரன்

என்னக் கேக்காம எம்பேரப் போட்டதுக்கு அவனுக மார்க்குல ஒண்ணக் கொறைச்சுக்குங்க மேடம். போர்டு மாத்திக் குடுக்கறதுக்கு நான் ரெடிதானுங்க, ஆனா போர்டைச் சோதிச்சுப் பாக்கற பெஞ்ச் சப்ளையும் மீட்டரும் யாரு வாங்கித் தர்றதுன்னு எழுதலையே அதுல. அப்பறம் அந்த ரெண்டாவது ஃபேனு இன்னும் எங்கடைல தொங்குது. ராத்திரியெல்லாம் ஓட விட்டுப் பாத்துட்டேன், நிக்கல. சனிக்கெழமை வந்து கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க, கொக்கி எனக்கு வேணும்.